மூன்று சிறு சிகரங்கள், பாதை இல்லாத ஒரு நாள்: காலோவே மலைகளில் நடப்பது எப்படி

ஸ்காட்லாந்து மலை என்றதும் எல்லாரும் வடக்கே கிளம்பிவிடுவார்கள். நான் தெற்கே போவேன். ஏர் நகரத்தில் மருந்தாளராக இருக்கிறேன். அங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் போனால் காலோவே மலைநாட்டின் வாசல். பதினோரு வருடமாக அங்கே நடந்த நாட்களை டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் ஒரே வட்டாரம்தான்: டஞ்சன் மலைகள். முல்வார்க்கர் 692 மீட்டர், டஞ்சன் ஹில் 620 மீட்டர், கிரெய்க்நா 645 மீட்டர்.

"இவ்வளவுதானா அக்கா?" என்று ஊரிலிருந்து தம்பி போனில் கேட்டான். நாங்கள் போடிக்காரர்கள். அண்ணாந்து பார்த்தால் தெரியும் கொழுக்குமலையே 2,000 மீட்டரைத் தாண்டும். அவனுக்கு 692 எப்படி ஒரு மலையாகத் தெரியும்? அடுத்த வருடம் இங்கே வந்தபோது கூட்டிக்கொண்டு போனேன். குரங்கணியிலிருந்து மூச்சு வாங்காமல் ஏறுகிறவன், மூன்றரை மணி நேரத்தில் லாக் ஈனாக் ஏரிக்கரையில் மல்லாந்து படுத்துவிட்டான். "இங்க தரையே இல்லையே அக்கா" என்றான்.

அவன் சொன்னதுதான் இந்த மலைகளைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. உயரம் இங்கே பிரச்சினை இல்லை, தூரமும் இல்லை. காலை வைக்கும் இடம்தான் பிரச்சினை. பென் லோமண்ட் மாதிரி நல்ல பாதை போட்ட மலைகளில் இரண்டு மூன்று முறை ஏறி, வரைபடம் படிக்கவும் ஓரளவு பழகி, "அடுத்து கொஞ்சம் காட்டுத்தனமான இடத்துக்குப் போகலாமா" என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் மலையாக இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

தரையைப் படிப்பது

இந்த மூன்று மலைகளும் கிரானைட். சுற்றி நிற்கும் பெரிய மலைகள், மேற்கே 843 மீட்டர் மெரிக்கும் கிழக்கே கெல்ஸ் தொடரும், வேறு பாறை. பூமிக்கடியிலிருந்து கிரானைட் குழம்பு மேலே வந்தபோது அதன் சூட்டில் வெந்து இறுகிய பாறை அது. அதனால் விளிம்பு உயரமாக நின்றுவிட்டது, நடுவில் பெரும்பகுதி அரிக்கப்பட்டுக் கிண்ணம் போல ஆகிவிட்டது. அந்தக் கிண்ணத்துக்குள்தான் நாம் நடக்கிறோம். பனி யுகத்தில் பனிப்பாறைகள் இழைத்துவிட்டுப் போன வழவழப்பான பாறைத் தளங்கள், அவற்றுக்கு நடுவே வடிய வழியில்லாத தண்ணீர், தண்ணீருக்கு மேலே மட்கிய பாசியும் புல்லும். இந்த மூன்றையும் தாண்டித் தாண்டித்தான் நாள் முழுக்கப் போக வேண்டும்.

புல்லைப் பற்றிச் சொல்கிறேன். மொலினியா என்று ஒரு புல். பரவலாக வளராமல் கொத்துக் கொத்தாக, தலைச்சும்மாட்டைக் கவிழ்த்து வைத்தது மாதிரி முழங்கால் உயரத்துக்கு வளரும். இரண்டு கொத்துக்கு நடுவில் பள்ளம் இருக்கும், ஆனால் சாய்ந்த புல் அதை மூடியிருக்கும். கொத்தின் தலையில் மிதித்தால் அது ஆடும், கணுக்கால் மடங்கும். நடுவில் மிதித்தால் எவ்வளவு ஆழம் என்று மிதித்த பிறகுதான் தெரியும். நான் எப்போதும் நடுவில்தான் மிதிப்பேன், கைத்தடியால் முதலில் குத்திப் பார்த்துவிட்டு. மெதுவாகத்தான் போக முடியும், ஆனால் கணுக்கால் பிழைக்கும்.

அதைவிட நல்லது, புல்லையே தவிர்ப்பது. ஓர் இடத்தில் நின்று அடுத்த இருநூறு மீட்டரை நிறத்தால் படிக்கப் பழகுங்கள். கரும்பழுப்பாக, புதராகத் தெரிவது ஹீதர் செடி. அங்கே தரை காய்ந்திருக்கும். வைக்கோல் நிறம் மொலினியா. கண்ணைப் பறிக்கிற பச்சை, எலுமிச்சைப் பச்சை என்றால் பாசி. அதன் கீழே என்ன ஆழமோ தெரியாது, சுற்றிப் போய்விடுங்கள். ஜூனில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஆடிக்கொண்டிருக்கும் செடி பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் அது நிற்பது உளைச் சேற்றில். சாம்பல் நிறப் பாறைத் தளம் எங்கே தெரிகிறதோ அதுதான் உங்கள் சாலை. ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்கு என்று போனால் வழி நீளும், நேரம் குறையும். காய்ந்திருக்கும்போது காலோவே கிரானைட் உப்புத்தாள் மாதிரி பிடிக்கும். ஈரமானால், கரும்பாசி படிந்த இடத்தில் கால் நிற்கவே நிற்காது.

காட்டு ஆடுகள் உண்டு இங்கே, நீளக் கொம்போடு. அவையும் மான்களும் போட்ட ஒற்றையடித் தடங்கள் நல்ல உதவி. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஆட்டுக்குப் போக வேண்டிய இடம் வேறு, உங்களுக்கு வேறு. இதைக் கற்றுக்கொண்ட கதையைப் பின்னால் சொல்கிறேன்.

தொடை வரை உளையில் இறங்கிவிட்டால் பதறி மற்ற காலை ஊன்றாதீர்கள். பின்பக்கம் சாய்ந்து உட்காருங்கள், ஏன், படுத்தே விடுங்கள். தடியைக் குறுக்கே போட்டு அதன்மேல் கையை ஊன்றி, காலை மெல்ல அசைத்து அசைத்து எடுங்கள். பூட்ஸ் கயிறு இறுக்கமாக இருந்தால் பூட்ஸும் கூட வரும். எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது. உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் குளிர்ந்த ஈரத்தோடு நாலு மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது.

நேரக் கணக்கு

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதற்குமேல் 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. இன்றும் எல்லாரும் அதில்தான் தொடங்குகிறார்கள். மூன்று மலையையும் ஏறிக் காருக்கே திரும்பும் என் சுற்று சுமார் 18 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் ஏறக்குறைய 900 மீட்டர். நெய்ஸ்மித் கணக்கில் ஐந்து மணி நேரம் வரும்.

எனக்கு ஆவது ஒன்பதரை மணி நேரம். நான் மெதுவானவள் என்று வைத்துக்கொண்டாலும், கூட வரும் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும் என் வேகம்தான். நன்றாக ஓடுகிற இளைஞர்களைக் கூட்டிப்போன அன்றைக்கு எட்டு மணி நேரம் பத்து நிமிடம். இதற்குக் குறைத்து நான் முடித்ததே இல்லை. பாதை இருக்கும் பகுதிக்கு நெய்ஸ்மித்தை வைத்துக்கொள்ளுங்கள். பாதை முடிந்த இடத்திலிருந்து மணிக்கு 2 கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். கிளம்புவதற்கு முந்தைய இரவு உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த மணியைத் தாண்டினால் எந்த மலையை விட்டுவிடுவது என்பதையும் வீட்டில், வயிறு நிறைந்து, கால் காய்ந்திருக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். மலையில் நின்று முடிவு செய்தால் மனசு எப்போதும் "இன்னும் ஒன்று" என்றுதான் சொல்லும்.

என் சீட்டில் இருப்பது இதுதான்: காலை 7 மணிக்குக் காரைப் பூட்டுவது. 10.30க்கு லாக் ஈனாக். மதியம் 1 மணிக்குள் டஞ்சன் ஹில் தலையில் இல்லை என்றால் கிரெய்க்நா கிடையாது.

எந்த மாதம்

ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிவு வரை. போன வருடத்துப் புல் மழையிலும் பனியிலும் அமுங்கிக் கிடக்கும், புதுப்புல் எழுந்திருக்காது, பள்ளங்கள் ஓரளவு கண்ணுக்குத் தெரியும். மே நடுவில் இரவு ஒன்பதுக்கும் வெளிச்சம் இருக்கும். மிட்ஜ் என்ற பொடிக்கொசு இன்னும் படையெடுத்திருக்காது. ஜூலை, ஆகஸ்டில் புல் இடுப்புக்கு வந்துவிடும், காற்று நின்றால் மிட்ஜ் முகத்தை மூடிவிடும். செப்டம்பர் பரவாயில்லை. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இந்தச் சுற்றை அப்போது நினைக்கவே வேண்டாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வசந்த காலத்தில் அந்தக் காய்ந்த மொலினியா பஞ்சு மாதிரி பற்றும். 2025 ஏப்ரலில் கிளென் ட்ரூல், மெரிக் பக்கம் பெரிய காட்டுத்தீ வந்தது. அந்தச் செய்தியைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் போடிக்காரி. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் தீ பிடித்து, நடக்கப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் சரிவுகள் எனக்குத் தெரிந்த சரிவுகள். புல்தீ மனிதன் ஓடுவதைவிட வேகமாக மேலே ஏறும். அதனால் மழை பெய்யாமல் ஒரு வாரம் போயிருந்தால் ஸ்டவ் எடுத்துப் போகாதீர்கள். பிளாஸ்க் போதும். புகைபிடிப்பவர் யாராவது கூட வந்தால் சிகரெட்டையும் தீப்பெட்டியையும் காரிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். தீ அபாய எச்சரிக்கை இருக்கும் நாளில் வேறு எங்காவது போங்கள்.

பையில் என்ன

கணுக்காலை மூடும் பூட்ஸ், பூட்ஸுக்குள் சேறும் தண்ணீரும் போகாமல் முழங்கால் வரை காலைச் சுற்றி மூடும் கெய்ட்டர், மழைச் சட்டை, மழைக் கால்சட்டை, மேலே போட ஒரு கனத்த உடுப்பு, தொப்பி, கையுறை. மே மாதத்திலும் கையுறைதான். காலுறை மூன்று ஜோடி எடுங்கள். மதியம் ஒரு ஜோடி மாற்றுவது எனக்குச் சாப்பாட்டைவிடப் பெரிய தெம்பு. மூன்றாவது ஜோடியை பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கடைசிவரை தொடாமல் வையுங்கள். ஒளி குறையாத தலைவிளக்கு, விசில், உள்ளே நுழைந்து படுக்கும் ஆரஞ்சு நிற அவசரப் பை. இரண்டு கைத்தடி இல்லாமல் இந்த மலைகளுக்கு வராதீர்கள்.

வரைபடம், பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே போடும் எக்ஸ்ப்ளோரர் 318. 1:25,000 அளவு. காகிதம்தான். போன் செயலி கையில் இருக்கட்டும், நானும் பார்ப்பேன், ஆனால் மழையில் நனைந்த விரலுக்குத் திரை கேட்காது. அப்புறம் ஒரு நல்ல திசைகாட்டி.

சாப்பாட்டில் எனக்கு நிலையான கருத்து உண்டு. இங்கத்திய சாண்ட்விச் மதியத்துக்குள் சில்லிட்டுப் போகிறது, தொண்டையில் இறங்குவதில்லை. புளியோதரை, முந்தின இரவே கிளறியது, நல்லெண்ணெய் தாராளமாக. ஆறினாலும் ருசி போகாது, உப்பும் எண்ணெயும் நடக்கிற உடம்புக்கு வேண்டியதுதான். கையுறையைக் கழற்றாமல் ஸ்பூனில் சாப்பிடலாம். சட்டைப்பையில் கடலை மிட்டாய், மணிக்கு ஒன்று. பிளாஸ்கில் சுக்குக் காப்பி. என் ஆசிரியைத் தோழி முதல் மடக்கில் முகத்தைச் சுளித்தார். இப்போது காரில் ஏறியதும் "கொண்டுவந்தாயா?" என்றுதான் கேட்கிறார்.

நடக்கும் நாள்

கிளென் ட்ரூல் பள்ளத்தாக்கில் சாலை முடிகிற இடத்தில் கார் நிறுத்துமிடம். மேலே ப்ரூஸ் கல் என்ற பெரும் பாறை நிற்கிறது. 1307இல் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் ப்ரூஸ் சிறு படையோடு, கீழே தெரியும் ட்ரூல் ஏரியின் எதிர்க்கரைச் சரிவிலிருந்து பாறைகளை உருட்டிவிட்டு ஆங்கிலேயப் படையை விரட்டினார் என்பார்கள். அவர் இறந்து 600 ஆண்டு ஆனதை ஒட்டி 1929இல் வைத்த கல். கூட்டம் அங்கிருந்து இடப்பக்கம் மெரிக்குக்குப் போகும். நீங்கள் நேரே கீழிறங்கிப் பாலத்தைத் தாண்டி கேர்லண்ட் ஓடையைப் பிடித்து ஏறுங்கள்.

பாதை லாக் வேலி வரை இருக்கும், சேறாக, ஆனால் சந்தேகமில்லாமல். அதற்குமேல் தேய்ந்து தேய்ந்து, லாக் நெல்ட்ரிக்கன் வரும்போது நம்பிக்கை மட்டும்தான் மிச்சம். இரண்டு ஏரிக்கும் நடுவே மிட் பர்ன் என்ற ஓடை ஓடும். காலையில் அதன் பக்கத்தில் நின்று நன்றாகப் பாருங்கள். எந்தக் கல் தண்ணீருக்கு மேலே தெரிகிறது, நிறம் தெளிவா கலங்கலா, இரைச்சல் எப்படி. போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் இதைத் தாண்டித்தான் திரும்ப வேண்டும்.

நெல்ட்ரிக்கனின் மேற்குக் கரையில், நாணல் வளையமிட்ட ஒரு வட்டம் தெரியும். கொலைக் குழி என்று அதற்குப் பெயர், வரைபடத்திலேயே போட்டிருக்கும். வழிப்போக்கரைக் கொன்று அதில் போடுவார்கள் என்றும், எந்தக் குளிரிலும் அது மட்டும் உறையாது என்றும் கதை. தள்ளி நின்று பார்த்துவிட்டு வடக்கே ஏறுங்கள்.

ஏறினால் லாக் ஈனாக். சுமார் 490 மீட்டர் உயரத்தில், கரை ஒடிந்து வளைந்த ஏரி. அதன் நடுவில் ஒரு தீவு, அந்தத் தீவுக்குள்ளே ஒரு குட்டிக் குளம். கரையில் கிரானைட் உதிர்ந்த வெள்ளை மணல். ஒரு காலத்தில் அரிவாள் தீட்ட இந்த மணலை மூட்டையில் சுமந்து இறக்கி விற்றிருக்கிறார்கள். கையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், ஏன் என்று புரியும். பத்தரைக்கு இங்கே இருந்தால் பதினைந்து நிமிடம் உட்காரலாம். தண்ணீர் அலை மட்டும்தான் சத்தம். இவ்வளவு அமைதியை வேறு எங்கும் நான் கேட்டதில்லை.

நான் முல்வார்க்கரை முதலில் ஏறி, தெற்கே டஞ்சன் ஹில், கிரெய்க்நா என்று வருகிறேன். சிலர் தலைகீழாகப் போவார்கள். என் காரணம் எளிது: கால் களைக்கக் களைக்க கார் பக்கத்தில் வர வேண்டும். இன்னொன்று, இந்தத் திசையில் ஒவ்வொரு மலைக்கும் நடுவிலுள்ள தாழ்விலிருந்து மேற்கே இறங்கி ஏரிக்கரையைப் பிடித்துத் தப்பித்துவிடலாம். தென்மேற்குக் காற்று முகத்தில் அடிக்கும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை.

முல்வார்க்கர் ஏறுவது லேசு. தலையில் சின்னக் கற்குவியல். அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று நினைவுக்கு வரும். 1970களின் இறுதியில் இந்த மலைக்குள் அணுக்கழிவைப் புதைக்க முடியுமா என்று பார்க்கச் சோதனைத் துளை போட அனுமதி கேட்டார்கள். 1980இல் எங்கள் ஏர் நகரத்தில்தான் பொது விசாரணை நடந்தது. மக்கள் எதிர்த்தார்கள், திட்டம் நின்றது. அப்போது அதில் கலந்துகொண்ட ஒரு பாட்டி என்னிடம் மருந்து வாங்க வருவார். நான் முல்வார்க்கர் போய்வந்தேன் என்றால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

டஞ்சன் ஹில் மூன்றிலும் குட்டி, ஆனால் அதன் கிழக்கு விளிம்பிலிருந்து பார்க்கிற காட்சிக்காகத்தான் இவ்வளவு பாடும். கீழே சில்வர் ஃப்ளோ விரிந்து கிடக்கும். மட்கிய பாசியின் மேல் நூற்றுக்கணக்கில் கருங்குளங்கள், வெயில் பட்டால் ஒவ்வொன்றும் வெள்ளிக்காசு. உலக அளவில் பாதுகாக்கப்பட்ட ராம்சார் சதுப்பு அது. மேலிருந்து பாருங்கள், இறங்காதீர்கள். கிழக்கே இறங்குவது குறுக்குவழியாகத் தோன்றினாலும், முன்னே பாறைச் சரிவு, கீழே மிதித்தால் மிதக்கும் தரை. அந்தப் பாசியில் ஒரு காலடித் தடம் அழிய வருடங்கள் ஆகும்.

அப்புறம் சின்ன மேடு ஒன்றைத் தாண்டி நிக் ஆஃப் த டஞ்சன் என்ற கணவாய். இங்கே கடிகாரத்தைப் பாருங்கள். வானத்தைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மேற்கே நெல்ட்ரிக்கன் பக்கம் இறங்கிவிடுங்கள். கடைசி நல்ல வாசல் இதுதான்.

தெற்கே ஏறினால் சாத்தானின் பந்துத் திடல். பனிப்பாறை இழைத்த சமதளமான கிரானைட் தரை, அதன்மேல் உருண்டைக் கற்கள், யாரோ ஆடிவிட்டுப் பாதியில் போட்டுவிட்டுப் போனது மாதிரி. பேரே சொல்லிவிடுகிறது. கிரெய்க்நாவின் மேல் பகுதி முழுக்க இப்படித்தான், பாறைத் தளமும் படியும். 1979 டிசம்பரில் அமெரிக்க விமானப்படையின் எஃப்-111 விமானம் ஒன்று இந்த மலையில் மோதி, அதிலிருந்த இரண்டு பேரும் இறந்தார்கள். நினைவுக் கல் இருக்கிறது. நான் அங்கே இரண்டு நிமிடம் தொப்பியைக் கழற்றி நின்றுவிட்டுத்தான் வருவேன்.

கிரெய்க்நாவில் மேகம்

நாலு வருடம் முன்பு, ஒரு செப்டம்பர். கிரெய்க்நா தலையில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தோம். மேகம் வந்தது. பத்து நிமிடத்தில் இருபது அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மேற்கே போக வேண்டும் என்பது தெரியும். ஒரு தெளிவான தடம் மேற்கே இறங்கியது. திசைகாட்டியை எடுக்கச் சோம்பல்பட்டேன், அதுதான் என் தப்பு. தடத்தைப் பிடித்து இறங்கினோம். கொஞ்ச நேரத்தில் அது ஈரப் பாறைத் தளத்தின் விளிம்பில் போய் நின்றது. அதற்குமேல் ஆடு போகும், நான் போக முடியாது. எவ்வளவு ஆழம் என்றுகூடத் தெரியவில்லை.

அங்கேயே உட்கார்ந்தோம். தோழி அமைதியாகச் சொன்னார்: "எங்கே இருக்கிறோம் என்று கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் எது?" சிகரம்தான். திரும்ப ஏறினோம். நாற்பது நிமிடம் போனது. ஆனால் சிகரக் கற்குவியலில் கை வைத்தபோது நெஞ்சு படபடப்பு நின்றது.

அதற்குப் பிறகு இப்படித்தான் செய்கிறேன். ஒவ்வொரு சிகரத்திலும், வெயிலடித்தாலும் சரி, அடுத்த இடத்துக்கான திசையை வரைபடத்தில் எடுத்து, திசைகாட்டியில் திருப்பி வைத்துவிட்டுத்தான் சாப்பாட்டைத் திறப்பேன். மேகம் வந்தால் ஒருவர் முன்னே கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை போவார். பின்னால் நிற்பவர் திசைகாட்டியைப் பார்த்து "இடது, கொஞ்சம் இடது, நில்" என்பார். அப்புறம் அவரிடம் போய்ச் சேருவது. நூறு மீட்டருக்கு எத்தனை காலடி என்று முன்பே எண்ணி வைத்திருக்க வேண்டும். எனக்கு நல்ல தரையில் இரட்டைக் காலடி (இரண்டு எட்டு சேர்ந்தது ஒன்று) 68, மொலினியாவில் 90. இந்த எண்ணை வேறு யாரிடமும் கேட்டு வாங்க முடியாது. உங்கள் காலால் எண்ணுங்கள்.

கிரெய்க்நாவின் மேற்கு முகத்தில் நேரே இறங்காதீர்கள். வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் எங்கே விலகியிருக்கின்றனவோ, அதாவது சரிவு எங்கே குறைவோ, அந்த வழியில், பாறைப் பட்டைகளைச் சுற்றிக்கொண்டு, லாக் வேலியை நோக்கி நிதானமாக வாருங்கள். நேரம் பிடிக்கும். கால் முட்டி வலிக்கும். சரி, வலிக்கட்டும்.

ஓடை

மறுபடி மிட் பர்ன். காலையில் எடுத்த படத்தை இப்போது பாருங்கள். அப்போது தெரிந்த கற்கள் இப்போதும் தெரிந்தால் தாண்டலாம். பூட்ஸைக் கழற்றாமல், பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு, தண்ணீர் வரும் பக்கம் பார்த்து, தடியை ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்துங்கள். பட்டையை ஏன் அவிழ்க்க வேண்டும் என்றால், விழுந்தால் பை உங்களைக் கவிழ்த்துவிடாமல் உதறிவிட முடியும்.

கற்கள் மூழ்கி, தண்ணீர் கலங்கி, முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் தாண்டவே கூடாது. இந்த நாட்டு ஓடைகள் மழை பெய்த சில மணி நேரத்தில் ஏறிவிடும். நெல்ட்ரிக்கனின் வடக்குக் கரையைச் சுற்றிப் போய்விடுங்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடுதல், அதுவும் நாளின் கடைசியில், கண்ணெதிரே பாதை தெரியும்போது. நான் ஒரு முறை சுற்றியிருக்கிறேன். அழுகையே வந்தது. ஆனாலும் சுற்றினேன்.

யாருக்காவது ஏதாவது ஆனால்

மலைக்குள்ளே போன் பெரும்பாலும் வேலை செய்யாது. கிளம்பும் முன் வீட்டிலேயே 999க்கு 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை எஸ்எம்எஸ் அனுப்பிப் பதிந்துகொள்ளுங்கள். பேச முடியாத பலவீனமான சிக்னலிலும் எஸ்எம்எஸ் சில நேரம் போய்விடும். பேச முடிந்தால் 999, முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேளுங்கள். வரைபடக் கட்ட எண்ணைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். விசில் என்றால் நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. மீட்புக் குழுவினர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், பாதி இரவில் வேலையை விட்டு எழுந்து வருகிறவர்கள். தேவை என்றால் தயங்காமல் கூப்பிடுங்கள், அதற்காகத்தான் இருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்தில் எங்கும் பொறுப்போடு நடக்கலாம் என்ற உரிமையை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. யாரும் டிக்கெட் கேட்க மாட்டார்கள், பெயர் எழுதிக்கொள்ள மாட்டார்கள். அதனாலேயே நீங்கள் உள்ளே போனது யாருக்கும் தெரியாது. வழியையும் நேரத்தையும் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

காருக்கு வந்ததும் முதல் வேலை உண்ணி பார்ப்பது. முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குள், தலைமுடி ஓரம். கடித்திருந்தால் நசுக்காமல், எண்ணெய் தடவாமல், உண்ணி எடுக்கும் கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து எடுங்கள். மருந்துக்கடைகளில் கிடைக்கும், சில பவுண்டுதான். தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் மாதிரி வந்தாலோ டாக்டரிடம் போய் "மலைக்குப் போனேன், உண்ணி கடித்தது" என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். லைம் நோயை முதலிலேயே பிடித்தால் மாத்திரையில் சரியாகிவிடும்.

பிறகு மூன்றாவது ஜோடி காலுறை.

கார் நிறுத்துமிடத்தில் என் போனுக்குச் சிக்னல் கிடைப்பதில்லை. அதனால் என் கணவரிடம் சொல்லிவைத்திருக்கும் நேரம், நான் இறங்கும் நேரம் அல்ல. சிக்னல் வரும் இடம் வரைக்கும் ஓட்ட ஆகும் நேரத்தையும், நெல்ட்ரிக்கனைச் சுற்ற வேண்டி வந்தால் ஆகும் நேரத்தையும் சேர்த்து, இரவு ஒன்பது. ஒன்பதுக்குள் என்னிடமிருந்து செய்தி வரவில்லை என்றால் யோசிக்காமல் 999க்குப் போன் போட வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். நியூட்டன் ஸ்டூவர்ட் சாலையில் போனில் சிக்னலின் முதல் கோடு தெரிந்ததும் வண்டியை ஓரம் கட்டி அனுப்புவேன்: "எறங்கிட்டேன். சோறு வைங்க."